யாரும் தொடாத மோட்டார்

எடுத்ததை முடிக்காமல் நான் விடமாட்டேன். எங்கள் வீட்டில் இதற்குப் பிடிவாதம் என்று பெயர். அந்தத் தை மாதம் நான் மல்லுக்கு நின்றது ஒரு மோட்டாரோடு.

தஞ்சாவூரில் எனக்கு டீச்சர் வேலை. அரை மணி நேர பஸ் தூரத்தில் எங்கள் ஊர், அங்கே இரண்டு வயல். கீழ்வயல் பழுத்து அறுப்புக்கு நின்றது. மேல்வயல் பிந்தி நட்டது, அதற்கு இன்னும் தண்ணீர் வேண்டும். பயிர் செய்பவர் ஊர்க்காரர் ஒருவர், விளைவதில் பாதி அவருக்கு. என் வீட்டுக்காரர் வாரம் முழுக்கச் சீர்காழியில் வேலையில் இருப்பவர். அதனால் எலக்ட்ரீஷியன் புது சிம் போட்ட பெட்டி ஒன்றை மோட்டார் கொட்டகையில் மாட்டிக் கொடுத்திருந்தார். அந்த நம்பருக்கு ஒரு தடவை அடித்தால் மோட்டார் ஓடும், மறுதடவை அடித்தால் நிற்கும். நம்பர் என் வீட்டுக்காரர் போனில் மட்டும் இருந்தது. காலையில் ஒரு மணி நேரம் அங்கிருந்தே போட்டு நிறுத்துவார்.

கீழ்வயல் காய்ந்தால்தான் அறுப்பு மெஷின் இறங்கும். வானமோ மூடிக்கொண்டே இருந்தது. ஒரு மழை பிடித்தால் போச்சு, கதிர் சாய்ந்து நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் பட்டப்பகலில் தானாக ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் பதினொரு மணிக்கு, இன்னொரு நாள் ஒன்றரைக்கு. மேல்வயல் நிரம்பி, வரப்பு வழிந்து, கீழ்வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். பயிர் செய்பவர் ஓடிவந்து சுவிட்சை அணைத்து, தண்ணீரை வடிய விடுவார். வடிந்து முடிவதற்குள் மறுபடியும் ஓடும். எலக்ட்ரீஷியன் ரிலே மாற்றினார், ஒயர் மாற்றினார், பெட்டிக்குள்ளிருந்து ஒரு பல்லியைப் பிடித்து வெளியே போட்டார்.

"பல்லிதான் டீச்சர் ஷார்ட் பண்ணிருக்கு. இனிமே ஓடாது."

மறுநாளே ஓடியது.

இந்த லட்சணத்தில் மெஷின்காரன் வேறு என் உயிரை வாங்கினான். 'நெல் அறுவடை இயந்திரம் வாடகைக்கு' என்று பஸ் ஸ்டாப் சுவரில் பெயிண்டால் எழுதியிருந்த நம்பருக்கு, பள்ளியில் வகுப்பில்லாத நேரம் பார்த்து அடிப்பேன். இரண்டு ரிங் போகும், கட் ஆகிவிடும். என்ன திமிர்! அதற்குள் அடுத்த மணி அடித்துவிடும், வகுப்புக்கு ஓடவேண்டும். நீ எடுக்கிறவரை நானும் விடமாட்டேன்டா என்று மறுநாளும் அடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலைவரை வயலிலேயே நின்றேன். காலையில் வழக்கம்போல் ஓடி நின்றபின் மோட்டார் மூச்சுவிடவில்லை. நான் இருந்தால் ஓடாது, பயிர் செய்பவர் மட்டும் இருந்தால் ஓடும் என்றால் என்ன அர்த்தம்? மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் அவரிடமே கேட்டும் விட்டேன்.

"நீங்க யாருக்காவது மடை மாத்தித் தண்ணி விடுறீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது.

"பாதி நெல்லு என்னோடதுங்க டீச்சர். அத நானே முழுகடிப்பனா?"

நியாயமான கேள்வி. ஆனால் என் சந்தேகம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எலக்ட்ரீஷியனையும் பயிர் செய்பவரையும் கூட்டிக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து வைத்து மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணி ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. சும்மா இருப்பானேன் என்று மெஷின்காரனுக்கு அடித்தேன்.

இரண்டு ரிங். கட். பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது.

"பாத்தீங்களா? யாரு தொட்டா?" என்று பயிர் செய்பவர் எழுந்தே விட்டார்.

"இருங்க, அந்த ஆளு இன்னைக்கும் கட் பண்ணிட்டான்" என்று நான் மறுபடி அடித்தேன். மோட்டார் நின்றது.

நான் மூன்றாம் தடவை அடித்தேன். ஓடியது.

எலக்ட்ரீஷியன் என் போனை வாங்கி நம்பரைப் பார்த்தார். "ஐயய்யோ டீச்சர், இது நம்ம பெட்டி சிம் நம்பரு! மெஷின்காரரு ரீசார்ஜ் பண்ணாம விட்டுருப்பாரு. அந்த நம்பரத்தான் புதுசுன்னு நமக்குக் குடுத்துட்டாங்க. சார் நம்பருக்கு மட்டும்னு பெட்டில பூட்டு போட்டிருக்கணும், நான் மறந்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. மெஷின் வேண்டும் வேண்டும் என்று நான் அடித்த ஒவ்வொரு போனும் மெஷின் இறங்க முடியாமல் வயலை முழுகடித்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்கள சந்தேகப்பட்டது தப்புங்க. மன்னிச்சுக்குங்க" என்றேன். பயிர் செய்பவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலைத் திறக்கப் போனார். அவர் பேசாமல் போனதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலையே சுண்ணாம்பு கரைத்து எடுத்துப்போய் சுவரில் இருந்த அந்த நம்பரை அழித்தேன். மழை வரவில்லை. வயல் காய்ந்தது. பயிர் செய்பவர் பக்கத்து ஊருக்கு நேரில் போய் வேறொரு மெஷினைப் பேசி, ஐந்தாம் நாள் கூட்டிக்கொண்டு வந்தார்.

வண்டி வரப்பருகே வந்து நின்றது. டிரைவர் இறக்கப் பார்த்தார். பயிர் செய்பவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அப்புறம் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"டீச்சர், போன் எங்க?"

"வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்."

"அப்பச் சரி" என்று டிரைவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். "எறக்குப்பா!"