சராசரியில் ஜெயித்த தமிழ்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டில் என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், ரெண்டாம் நம்பர் பஸ்ஸுக்கும் நாலாம் நம்பர் பஸ்ஸுக்கும் சராசரி எடுத்தா மூணாம் நம்பர் பஸ் வருமா?"

வகுப்பே சிரித்தது. கேள்வி நல்ல கேள்வி.

இன்று மலாக்காவில் எங்கள் காஜா பேராங் குடியிருப்பாளர் சங்கப் பலகையில் ஓர் அறிவிப்பு: "இன்சுலின் ஊசி போடும் பயிற்சி, தமிழில்."

நான் படித்துச் சொன்னதும் பக்கத்து வீட்டு மீனாட்சி கலங்கிவிட்டார். நாளை மறுநாள் முதல் கணவருக்கு அவர்தான் ஊசி போட வேண்டும். "தமிழ் தாக் தாவு லா, சிக்கு," என்றார்; தமிழ் தெரியாதே, வாத்தியாரே என்று பொருள். அவர் மலாக்கா செட்டி. பெயர் தமிழ், வீட்டுப் பேச்சு மலாய்.

செயலாளர் சுப்பையாவிடம் போனேன்.

"ஐயா, எந்த மொழியில பயிற்சி வேணும்னு கேட்ட பாரத்துல மலாய் ஒண்ணு, தமிழ் ரெண்டு, இங்கிலீஷ் மூணு. பத்து பேர் எழுதுனாங்க. சராசரி ஒண்ணு புள்ளி எட்டு. ரெண்டுனு வச்சுக்கிட்டேன். தமிழ் ஜெயிச்சிருச்சு, தமிழ் வாத்தியார் நீங்களே எதிர்க்கலாமா?"

"ரெண்டு போட்டவங்க எத்தனை பேர், சுப்பையா?"

தாள்களைப் புரட்டினார். ஒன்று போட்டவர் ஆறு பேர், மூன்று போட்டவர் நான்கு பேர்.

"ரெண்டு... ஒருத்தரும் இல்ல லா, ஐயா."

"அந்த எண்கள் அளவு இல்லை, வெறும் பெயர். பெயரைக் கூட்டக்கூடாது, எந்தப் பெயர் அதிகம் வந்ததுன்னு எண்ணணும்."

பயிற்சி இப்போது மலாயில். மீனாட்சி முதல் வரிசையில் இடம் சொல்லிவைத்துவிட்டார்.

நீங்களும் உங்கள் வீட்டு எண்ணையும் எதிர்வீட்டு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து, வரும் எண்ணுள்ள வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று கீழே எழுதுங்கள்.