கோட்டின்மேல் ஒரு கண்

ஹாரனைத் துடைத்து முடித்ததும் காதோரம் வைத்து ஒருமுறை மெல்ல அமுக்கிப் பார்க்கிறார் கோதண்டராமன். சத்தம் சரியாக வந்தால் மஞ்சள் பைக்குள் போகும். கொஞ்சம் கம்மினாலும் போச்சு, பஸ் போனாலும் பரவாயில்லை என்று மறுபடி துடைக்க உட்கார்ந்துவிடுவார். ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன், சைக்கிளில் மீன் விற்பவர்கள் அடிக்கிறார்களே, அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்பாக்கத்தில் பஸ் ஏறி முட்டுக்காடு போய்ச் சேர்வதற்குள், பையிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்த ஹாரனைக் கண்டு யாராவது ஒருவர் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுவிடுவார்.

அவர் மீன் விற்பவர் அல்ல. முட்டுக்காட்டு உப்பங்கழியில் பாய்மரப் படகுப் பந்தயம் நடத்தும் சின்னஞ்சிறு சங்கம் ஒன்றின் நடுவர். பெரிய ஊர்களில் பந்தயத்தைப் பீரங்கி வெடித்துத் தொடங்குவார்களாம். இங்கே பீரங்கிக்கு லைசென்ஸ் வாங்கி வருவதற்குள் படகுகள் மக்கிப்போகும் என்பதால் மீன்கார ஹாரனில் வந்து நின்றது. ஐந்து நிமிஷம் இருக்கையில் ஒன்று, நாலுக்கு ஒன்று, ஒரு நிமிஷத்துக்கு ஒன்று, புறப்பட ஒன்று. முதல் வருஷம் முதல் ஹாரனுக்கே கரையோரத்து வீடுகளிலிருந்து பெண்கள் சட்டியோடு ஓடி வந்தார்கள். இப்போது அவர்கள் ஏமாறுவதில்லை. பூனைகள் மட்டும் இன்னும் வருகின்றன.

கோதண்டராமனுக்கு நீச்சல் தெரியாது. மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரியைக் கரையில் நின்றே பார்த்து வளர்ந்தவர். உயிர்காப்புச் சட்டையை மற்றவர்கள் படகில் ஏறும்போது மாட்டிக்கொள்வார்கள். அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மாட்டிக்கொள்வார். கல்பாக்கத்தில் அவருக்குப் பாதுகாப்புப் பிரிவில் உத்தியோகம், தலைக்கவசம் இல்லாமல் வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது. வாரத்தில் ஆறு நாள் அங்கே திருப்பி அனுப்புகிறவர், ஏழாம் நாள் இங்கே வந்து திருப்பி அனுப்புகிறார். யாராவது முணுமுணுத்தால் ஒரே பதில்தான்: "ரூல் இன்னா சொல்லுதோ அதான். எனுக்கு யாரும் மாமன் மச்சான் கெடையாது."

விதிகளை அவர் தண்ணீரோடு விட்டுவிட்டு வருவதும் இல்லை. வலப்பக்கம் காற்று வாங்கிக்கொண்டு வரும் படகுக்கு வழி உண்டு, இடப்பக்கம் வாங்கிக்கொண்டு வருவது ஒதுங்க வேண்டும் என்று ஒரு விதி. ஒருநாள் இதைக் குவார்ட்டர்ஸ் சமையலறை வாசலில் அமல்படுத்தப் பார்த்தார். மின்விசிறி இருந்த பக்கத்தை வைத்து அவர் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கையில், கொதிக்கும் குழம்புச் சட்டியோடு எதிரே வந்த மனைவி வசந்தா, "வூட்ல ரூல் பேசினு நிக்காதீங்க, கை சுடுது" என்றாள். சூடான பாத்திரத்துக்கு எல்லாத் திசையிலும் முன்னுரிமை என்கிற திருத்தம் அன்றே நிறைவேறியது.

வசந்தாதான் அவரை இந்தத் தண்ணீருக்கு இழுத்து வந்தவள். குவார்ட்டர்ஸில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவளிடம், சங்கத்துக்காரர்கள் கிழிந்த பாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தைத்தாள். தைத்தது காற்றில் எப்படி நிற்கிறது என்று பார்க்கப் போனாள். படகில் ஏறி ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தவள், அதற்கப்புறம் இறங்கவேயில்லை. நீச்சலும் கற்றுக்கொண்டாள். கரையில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்த கோதண்டராமனுக்கு அது கொஞ்சமும் ஆறுதலாக இல்லை. மனைவியைத் தண்ணீரில் தனியே விட மனசு வரவில்லை, பாய் பிடிக்கத் தைரியமும் இல்லை. நடுவர் வேலை காலியாக இருந்தது. விதிப் புத்தகத்தை வாங்கிக் கரைத்துக் குடித்தார். நடுவரின் கொடிகளை எல்லாம் வசந்தாவே தைத்துக் கொடுத்தாள்.

பந்தயம் தொடங்குவது ஒரு கோட்டில். அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. நங்கூரம் போட்ட நடுவர் படகின் கொடிக்கம்பம் ஒரு முனை, தண்ணீரில் மிதக்கும் ஆரஞ்சு ட்ரம் மறுமுனை, நடுவே வெறும் மனக்கோடு. புறப்படும் ஹாரனுக்கு முன் எந்தப் படகின் மூக்காவது இதைத் தாண்டியிருந்தால், நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி மேலே போகும், இன்னொரு ஹாரன் அடிக்கும், அந்தப் படகு திரும்பி வந்து கோட்டுக்குப் பின்னாலிருந்து மறுபடி புறப்பட வேண்டும். கோதண்டராமன் கம்பத்தோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மற்றதில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கம்பமும் ட்ரம்மும் அக்கரையில் நிற்கும் ஒற்றைப் பனையும் ஒரே நேராக இருந்தால் கோடு சரி.

வசந்தா கோட்டை உரசிக்கொண்டு புறப்படுகிற ஜாதி. அதனால் ஞாயிறு தவறாமல் ஒரு குரல் தண்ணீர் மேல் வரும். "பதினேழு, கோட்டத் தாண்டிட்ட. திரும்பி வா." பதினேழு அவள் பாயில் எழுதிய எண். தண்ணீரில் இருக்கும் வரை அவருக்கு மனைவி கிடையாது, பதினேழாம் நம்பர்தான் உண்டு. பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காத மனுஷன் என்று சங்கத்தில் பேர். அந்தப் பேரில் அவருக்கு உள்ளூரப் பெருமை. திரும்பி வந்து கடைசியில் புறப்பட்டும் வசந்தா இரண்டாவதாக வந்துவிடுவாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அன்று வீட்டில் ரசம் மட்டும் இருக்கும், தொட்டுக்கொள்ள மருந்துக்கும் ஒன்று இருக்காது.

வருஷக் கடைசிப் பரிசு ஒரு எவர்சில்வர் குடம். கோப்பை வாங்கினால் அலமாரியில் தூசி படியும், குடம் என்றால் தண்ணீராவது பிடிக்கலாம் என்று சங்கத் தலைவர் நரசிம்மன் வாங்கி வைத்தது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, தானும் படகு ஓட்டுவார், எப்போதும் கடைசியாக வருவார். ஜெயித்தவர் பெயரைப் பாத்திரக் கடையில் கொடுத்துப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பார்கள். வசந்தா அந்தக் குடத்தின்மேல் ஆசை வைத்திருந்தாள். சீராக வந்த பாத்திரங்களில் அவள் அப்பா பெயர், பிற்பாடு வாங்கியவற்றில் கோதண்டராமன் பெயர். "எம்பேரு ஒரு டம்ளர்லகூட இல்ல" என்று ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். அவர் கேட்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தை மாதம் கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது குடம் இருவரில் ஒருவருக்கு என்று ஆகியிருந்தது. ஒருத்தி வசந்தா. மற்றவன் ஜெபகுமார், நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகவே ஓட்டுவான். யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குக் குடம்.

அன்றைக்கு அலை கொஞ்சம் அதிகம். நங்கூரக் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நடுவர் படகு வெட்டி வெட்டி இழுக்கும்; கோதண்டராமனின் பிளாஸ்க் காபி எல்லா வாரமும் பேண்ட்டில்தான் முடியும். புதுப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். படகுக்காரர் அருணகிரியிடம், கயிற்றைக் கொஞ்சம் தாராளமாக விடச் சொன்னார். படகு தொட்டில் போலச் சாதுவாக ஆடியது. ஹாரன்கள் அடித்தன. கடைசி நிமிஷத்தில் காற்று ஏறியது. புறப்படும் ஹாரனை அமுக்கிய கை ஓய்வதற்குள் வழக்கமான இடத்தில் வழக்கமான மூக்கு. கொடி ஏறியது. "பதினேழு, திரும்பி வா."

வசந்தா திரும்பினாள். நடுவர் படகை ஒட்டிக் கடக்கும்போது, முதன்முறையாக வாயைத் திறந்தாள். "நான் நவுரலங்க. கோடு நவுந்துச்சு."

கோடு நகராது என்பது கோதண்டராமனின் மதம். நிம்மதியாகக் காபி ஊற்றிக் குடித்தார். பாதி குடித்தபின்தான் ஒரு துளிகூடப் பேண்ட்டில் சிந்தவில்லை என்பது உறைத்தது. சந்தோஷமாக நிமிர்ந்தவர் கம்பத்தையும் ட்ரம்மையும் பார்த்தார். நேரே பனை இல்லை. பனைக்கு வெகுதூரம் தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றது.

"அருணகிரி, இன்னாய்யா இது?"

"கயிறு ஜாஸ்தி வுட்டம்ல அண்ணாத்த. காத்து ஏறிச்சு, போட்டு பின்னால பூட்ச்சு. கோடும் கூடவே போச்சு."

ஐந்து நிமிஷ ஹாரன் அடித்தபின் நடுவர் படகு அசையக் கூடாது. அசைந்து அதனால் ஒரு படகுக்கு நஷ்டம் என்றால், பந்தயம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நடுவரே விசாரணை கேட்கலாம். இது ஊருக்கு எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த விதி. கடைசி வளைவில் வசந்தா ஜெபகுமாரை எட்டிப் பிடித்தாள். ஆனாலும் அரைப் படகு தூரத்தில் தோற்றாள். முடிவு ஹாரனை அடித்துவிட்டு, கோதண்டராமன் மறுபடி ஒருமுறை பனையைத் தேடிப் பார்த்தார். சொன்னால், பெண்டாட்டிக்காக நடுவர் பல்டி அடித்தார் என்பார்கள். இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரே நாளில் கழியில் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, அருணகிரி வாயைத் திறக்கிறவர் இல்லை. குடம் மட்டும் வேறு வீட்டுக்குப் போகும். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

கரையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த வசந்தாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவள் நிமிரவில்லை. "எனுக்குன்னு ஒண்ணும் கேக்காதீங்க. நாளிக்கு கொடத்துல எம்பேர வெட்னாலும், புருசன் வெட்டிக் குடுத்ததுன்னுதான் சொல்லுவாங்கோ."

"உனுக்காகக் கேக்கல. கோட்டுக்காகக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாமலே நரசிம்மனைத் தேடிப் போனார்.

சங்கத்துக் கீற்றுக் கொட்டகையில் விசாரணை நடந்தது. தன்மேல் தானே புகார் கொடுத்தவர் என்பதால் கோதண்டராமனுக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. நடுவில் நின்றார். அருணகிரி நடந்ததைச் சொன்னார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நரசிம்மன் சமாதானமாக ஆரம்பித்து, குடத்தைக் கையில் பிடித்துவிட்ட ஜெபகுமாருக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். பையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"கோடு பின்னால வந்தப்ப நானும் ஆன்ட்டி பக்கத்துலதான் சார் இருந்தேன். நானும் தாண்டிட்டேன். நீங்களே தாண்டிட்டீங்க. அங்கிள் கூப்பிடலையேன்னு நான் பாட்டுக்குப் போயிட்டேன்." பிறகு கோதண்டராமன் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்க ஆன்ட்டிய மட்டும்தான் பாக்கறீங்க. எப்பவுமே அப்படித்தான். எங்க எல்லாருக்கும் தெரியும்."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் முந்திப் புறப்பட்டதாகக் கேள்விப்பட்ட நரசிம்மனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கோதண்டராமனுக்குச் சிரிக்க வரவில்லை. கண் கோட்டின்மேல் இருப்பதாகத்தான் இத்தனை நாளும் நம்பியிருந்தார். அது பதினேழாம் பாயின்மேலேயே இருந்திருக்கிறது, எங்கே கவிழ்ந்துவிடுமோ என்று. அவமானமாக இருந்தது. மூலையில் நின்ற வசந்தாவைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முன்னமே தெரிந்திருக்கிறது.

பந்தயம் செல்லாது, அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டம் என்று தீர்ப்பானது. மறுபடியும் நானே ஜெயிக்கிறேன் என்று ஜெபகுமார் சொல்லிவிட்டுப் போனான். நடுவரை மாற்ற வேண்டும் என்று கோதண்டராமன் கேட்டுப் பார்த்தார். வேறு ஆள் இல்லை, ஹாரனும் அவருடையது என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கயிறு இறுக்கமாகக் கட்டப்பட்டது. காபி முறைப்படி பேண்ட்டில் கொட்டியது. பனை தன் இடத்தில் நின்றது. கோதண்டராமன் ட்ரம் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டு வந்தார், பதினேழைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். ஹாரன் அடித்தது. எல்லாரும் சுத்தம். வசந்தா கோட்டை உரசி, ஆனால் தாண்டாமல், எல்லாருக்கும் முன்னால் புறப்பட்டிருந்தாள்.

புறப்பட்டவள், பழக்க தோஷத்தில் பாய்க்கயிற்றைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் கழுத்தைத் திருப்பி நடுவர் படகைப் பார்த்தாள், தன் எண்ணுக்காகக் காத்துக்கொண்டு. பக்கத்தில் ஜெபகுமார் நெருங்கிக்கொண்டிருந்தான். போ என்று கத்தலாம் என்றால், ஓடுகிற படகுக்கு வெளியாள் உதவக் கூடாது என்று விதி. கோதண்டராமன் பல்லைக் கடித்துக்கொண்டார். மடியில் தயாராக இருந்த நீலச் சிலுவைக் கொடியை எடுத்து, அவள் தைத்த ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி நாலாக மடித்துப் பலகையில் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.