கல்லூரி காட்டும் கூட்டத்துக்குப் போகத்தான் வேண்டுமா? மேச்சேரியிலிருந்து ஒரு சந்தேகக்காரனின் சேலம் பயணம்

இந்த ஆனி மாதம் என் மகன் நாச்சிமுத்துவுக்குச் சேலத்தில் ஒரு கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் இடம் கிடைத்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு கடிதம். கல்லூரி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, புதிதாகச் சேரும் பிள்ளைகளும் தகப்பன்மார்களும் வந்து இடத்தைப் பார்த்து, நடைமுறைகளைக் கேட்டறிந்து போகலாமாம். கடைசி வரியில் ‘கட்டாயமில்லை’ என்று போட்டிருந்தது. எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. கட்டாயமில்லை என்று சொல்லிக் கூப்பிடுகிறவன் கையில் விற்பதற்கு ஏதோ வைத்திருக்கிறான் என்பது ஆட்டு வியாபாரத்தில் நான் கற்றது. கட்டட நிதி, விளையாட்டு நிதி என்று ஏதாவது ஒரு ரசீதுப் புத்தகம் காத்திருக்கும்.

என் மனைவி பாவாயிதான் முடிவு கட்டினாள். “ஏனுங்க, கெடாய் வாங்கப் போனா பல்லைப் புடிச்சுப் பாக்காம வர மாட்டீங்க. பெத்த பையனை உடப்போற எடத்தைப் பாக்க மாட்டீங்களா?” இதற்குப் பதில் இருந்தால் நான் ஏன் சேலம் போகிறேன்?

எங்கள் ஊரிலிருந்து சேலம் இருபத்திரண்டு மைல். யுத்த காலமாகையால் பெட்ரோல் இல்லை. பஸ்ஸின் முதுகில் ஒரு கொதிகலனைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு அணா. ஆறரை மணி வண்டி ஏழேகாலுக்குத்தான் புறப்பட்டது. ஓமலூர் தாண்டிய ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கண்டக்டர் எங்களை இறங்கித் தள்ளச் சொன்னார்.

“தள்ளுறதுக்குக் கூலி உண்டுங்களா?” என்றேன்.

“ஏறி உக்காருறதுக்குத்தானுங்க காசு வாங்குனோம். தள்ளுறது இனாமுங்க” என்றார்.

நான் மட்டும் தள்ளுவது போல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பது வண்டி நகராததிலிருந்து தெரிந்தது. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளை வேட்டி கட்டாதீர்கள். கரி.

சேலம் சேரும்போது ஒன்பதே முக்கால். கல்லூரிக்குக் குதிரை வண்டியில் நாலணா கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு பார்த்தால் நடந்தே போயிருக்கலாம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் பங்காளி ஒருவர் வீடு இருக்கிறது. பையனை அங்கே தங்கவைத்து, அஸ்தம்பட்டி வழியாகத் தினமும் நடக்கவிடுவது என்பது என் திட்டம். விடுதிப் பணம் மிச்சம். பையனுக்கு விடுதியில்தான் ஆசை. ஏன் ஆசை என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். ஆகவே அதிலும் எனக்குச் சந்தேகம். சுருட்டு, சீட்டாட்டம் என்று என்னென்னவோ கேள்விப்பட்டிருக்கிறேன்.

பெரிய ஹாலில் நூறு பேருக்கு மேல் இருந்தோம். வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தது. ரசீதுப் புத்தகம் எங்கே என்று குனிந்துகூடப் பார்த்தேன். தண்ணீர்ப் பானைதான் இருந்தது. என் பக்கத்தில் ஆத்தூரிலிருந்து வந்த ஒரு நெல் வியாபாரி, அவரும் தன் மகனோடு.

பத்தரைக்குக் கூட்டம் தொடங்கியது. பேசினவர் கறுப்பு அங்கி போட்ட ஒரு பேராசிரியர். ஒன்றரை மணி நேரம், முழுக்க இங்கிலீஷ். நான் எட்டாவது வரை படித்தவன். எனக்கு விளங்கும் இங்கிலீஷ் தபாலாபீசோடும் ரயில்வே ஸ்டேஷனோடும் முடிந்துபோகும். நாச்சிமுத்துவின் தோளைத் தட்டினேன்.

“ஏன்டா சாமி, என்ன சொல்றாரு?”

“ஒழுக்கமா இருக்கோணும்னு சொல்றாருங்கப்பா.”

“இத்தனை நேரம் பேசுனதுக்கு அவ்வளவுதானா?”

“மீதியும் அதேதானுங்க.”

எனக்கு உடனே சந்தேகம் பிறந்தது. விடுதியைப் பற்றி ஏதோ கெட்ட விஷயம் சொல்கிறார், இவன் மறைக்கிறான் என்று. அப்போது பேராசிரியர் ஏதோ வேடிக்கை சொல்லியிருக்க வேண்டும். முன்வரிசையில் டவுன் பையன்கள் பத்துப் பேர் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை சிரித்தது. அதைப் பார்த்து நாங்கள் தகப்பன்மார் சிரித்தோம். நானும் தொடையைத் தட்டிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், நாச்சிமுத்து என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறான்.

என் சிரிப்பு அப்படியே நின்றது. எனக்குத் தெரியாதது சரி. வேடிக்கை விளங்கியிருந்தால், இவன் என்னைப் பார்த்தா சிரிக்கத் தொடங்க வேண்டும்?

எங்கள் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் சரித்திரமும் தமிழில்தான் நடக்கும். இங்கிலீஷ் பாடத்தில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தான். பார்த்துப் படித்து எழுதுவது வேறு, இப்படித் தண்ணீர் மாதிரி ஒருவர் பேசக் கேட்பது வேறு என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பையன் எதையும் மறைத்துச் சொல்லவில்லை. சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் முடிந்து, தகப்பன்மார் வரிசையாகப் போய்ப் பேராசிரியரைப் பார்த்தார்கள். என்ன கேட்பது என்று தெரியாமலே நானும் நின்றேன். என் முறை வந்ததும் அவர் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். அங்கியின் அகலக் கை சரிந்து எங்கள் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டது.

எங்கள் சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுவது வாயால் அல்ல. கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் தொகையைச் சொல்வோம். இருபத்தைந்து வருஷமாக அதே வேலை செய்த கை இது. மூடிய துணிக்குள் அவர் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விரலுக்குப் பத்து என்றால் ஐம்பது ரூபாய்! நினைத்தது சரியாய்ப் போயிற்று, இடத்துக்கு விலை வைக்கிறார்கள் என்று எண்ணி, அவருடைய இரண்டு விரலை மட்டும் பிடித்து அழுத்தினேன். அவர் குலுக்கினார். விலையில் இறங்க மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன்.

“ரெண்டுக்கு மேல தாங்காதுங்க” என்றேன் மெதுவாக.

“எதுக்கு மேல?” என்றார் அவர் தமிழில். “விரலை ஏன் இப்படி வளைக்கிறீங்க?”

பின்னால் நின்ற ஆத்தூர்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, இவரு உங்கள ஆட்டுச் சந்தையில நிக்க வச்சிட்டாருய்யா!”

விஷயம் விளங்கியதும் பேராசிரியரும் சிரித்தார். இந்தத் தடவை யாரையும் பார்க்காமல் எல்லோரும் சிரித்தார்கள். மானம்தான் போய்விட்டதே, இனி என்ன என்று நானும் கேட்டுவிட்டேன். “தப்பா நெனைக்காதீங்க. நீங்க பேசுனது எனக்கு ஒரு வார்த்தையும் புரியலீங்க. இவனுக்கும் புரிஞ்ச மாதிரி தெரியலீங்க.”

நாச்சிமுத்துவின் முகம் கறுத்தது. பேராசிரியர் அவனைப் பார்த்துக் கேட்டார்: “எவ்வளவு புரிஞ்சுது? பாதியா?”

“பாதி...” என்றவன், என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “கால்வாசி கூட இல்லீங்க” என்றான்.

“கிராமத்திலிருந்து வர்ற எல்லாப் பையன்களுக்கும் தீபாவளி வரைக்கும் இப்படித்தான் இருக்கும். ஆனா ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். வெட்கப்பட்டுக்கிட்டே இருந்து, ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிடுவான். விடுதியில ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நானே உட்கார்ந்து சொல்லித் தர்றேன். வெளியில தங்குறவங்க அதுக்கு இருக்க முடியாது, இருட்டிடும்.”

ஆகா, வந்துவிட்டது வியாபாரம் என்றது என் மனம். அவரைவிட்டுப் பையனை வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போனேன்.

“ஏன்டா கண்ணு, மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“புரியலீன்னு சொன்னா, வா போலாம்னு கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டனுங்க.”

“அதுக்குத்தான் ஹாஸ்டல் ஹாஸ்டல்னியா?”

“அங்க கூட இருக்கற பசங்க கிட்ட கேட்டுப் படிச்சுக்கலாம்னு பாத்தனுங்க. எனக்குப் படிக்கோணுங்கப்பா” என்றான்.

ஐந்தணாச் சாப்பாடு இரண்டு சாப்பிட்டோம், ரசம் தண்ணீர்தான். மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். மேட்டில் இந்த முறை நான் உண்மையாகவே தள்ளினேன்.

வீட்டில் பாவாயி, “என்னங்க சொன்னாங்க?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நாச்சிமுத்து முந்திக்கொண்டான். “எல்லாம் இங்கிலீஷும்மா. எனக்கு ஒண்ணுமே புரியல.” ஏதோ பெரிய பரிசு வாங்கி வந்தவன் மாதிரி சொன்னான். பாவாயி என்னைப் பார்த்தாள். நான் சோறு போடச் சொன்னேன்.

சரி, போய்வருவது செலவுக்குத் தகுமா? பஸ், குதிரை வண்டி, சாப்பாடு, காலைப் பலகாரம் மூன்றணா எல்லாம் சேர்ந்து இரண்டு பேருக்கு நாலு ரூபாய் ஓரணா ஆயிற்று. மேடையில் சொன்னதற்கு மட்டும் என்றால் நாலணாக்கூடத் தர மாட்டேன். பாதியை அச்சடித்து அனுப்பலாம், மீதி உங்களுக்கு விளங்காது. ஆனாலும் போங்கள். உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். மேடையைப் பார்க்காதீர்கள், அவனைப் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் ஓடிவராமல் வரிசையில் நில்லுங்கள். யாராவது கையைக் கொடுத்தால் சும்மா கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த இரவுப் பாடமெல்லாம் விடுதியை நிரப்பச் செய்யும் தந்திரமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. பணத்தைக் கட்டிவிட்டேன்.