நாலு வண்டி சேர்ந்து போனால் சாலையை யார் பார்ப்பது? கல்மண்டபம் முதல் மணலி புதுநகர் வரை

இந்தப் பக்கத்தில் இதுவரை ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வந்த ஊர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். நானே வண்டி ஓட்டிப் போன பயணத்தை எழுதுவது இதுதான் முதல் முறை. ஊட்டி, ஏற்காடு என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து மணலி புதுநகர். என் ஸ்கூட்டர் மீட்டர்படி போக மட்டும் பதினாறு கிலோமீட்டர். சிரிக்காதீர்கள். அந்தப் பதினாறும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில்.

போனதற்குக் காரணம் வேலை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியன். மணலி புதுநகரில் ஒரு கூடத்தில் நல்ல சம்பளத்தில் கூப்பிட்டார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளியிடம் போய் பஸ் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆகவே ஸ்கூட்டர்தான். ஏழு மாதமாக ராயபுரம் சந்துகளில் ஓட்டுகிறேன். மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் காசிமேட்டைக் கடந்தவள் இந்த உலகத்தில் எந்தச் சாலையிலும் ஓட்டலாம் என்பது என் எண்ணம்.

என் கணவர் அந்தோணியின் எண்ணம் வேறு. அவர் ரயில்வேயில் இருக்கிறார், நல்ல மனிதர். ஆனால் அவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி அதே சாலையில் டிரெய்லர் இடித்துக் காலில் கம்பி வைத்துக்கொண்டு வந்ததிலிருந்து, மணலி என்றாலே முகம் மாறிவிடும். கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார். “ஞாயித்துக்கிழமை அண்ணன் கூட ஒரு தபா போய்ட்டு வா. அண்ணன் சரின்னா போ. இல்லன்னா இந்த வேலை வேணாம், சொல்லிடு.” அவருக்கு அன்று டூட்டி. அதாவது எனக்குப் பரீட்சை, அவருடைய அண்ணன் வாத்தியார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன், ஏனென்றால் தேறிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணன் என்றால் சேவியர் மாமா. இருபது வருடமாகத் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். நாற்பதடிப் பெட்டியை அங்குலம் பார்த்துப் பின்னால் எடுத்து நிறுத்துவார். “தனியா போனா பேஜாரு, கூட்டமா போலாம்” என்று சொல்லி, பக்கத்து வீட்டு பாபுவையும் என் தம்பி ஜோசப்பையும் சேர்த்துக்கொண்டார். மாமா முன்னால், அடுத்து பாபு, அப்புறம் நான், எனக்குப் பின்னால் பாதுகாப்புக்கு ஜோசப். கல்யாணப் பெண்ணைக் கூட்டிப்போவது போல இருந்தது.

காலைப் பூசை முடிந்து எட்டு மணிக்குக் கிளம்பினோம். மாமா சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்றுதான். “என்னையே பாத்துகினு வா. என் பின்னாடி லைட்ட வுட்டுடாத. ஒண்ணும் ஆவாது.” நானும் தலையாட்டினேன்.

எண்ணூர் விரைவுச் சாலை ஞாயிறு காலையில் உண்மையிலேயே அழகு. வலப்பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசை, இடைவெளி கிடைக்கும் இடத்தில் எல்லாம் கடல். டிரைவர்கள் வண்டி நிழலில் அடுப்பு வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருப்பார்கள், வாசனை ரோடு வரைக்கும் வரும். இதையெல்லாம் நான் திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். போகும்போது நான் பார்த்தது ஒரு சிவப்பு லைட்டை மட்டும்.

கூட்டமாக ஓட்டுவதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மாமா நிதானமாக நாற்பதில்தான் போனார். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் முதலில் ஏறி இறங்கிப் போய்விடுவார். பாபு கொஞ்சம் பிந்துவான், எட்டிப் பிடிக்க முறுக்குவான். நான் இன்னும் பிந்துவேன், இன்னும் முறுக்குவேன். திருவொற்றியூர் தாண்டி ஒரு தடவை மீட்டரைப் பார்த்தால் ஐம்பத்தெட்டு! தனியாக நான் நாற்பத்தைந்தைத் தொட்டதே கிடையாது. என்னை யாரும் விரட்டவில்லை, வேகமாக வா என்று யாரும் சொல்லவும் இல்லை. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், அவ்வளவுதான். பாதுகாப்புக்கு வந்த தம்பியோ சலித்துப்போய், எர்ணாவூருக்கு முன்னாலேயே என்னைத் தாண்டி முன்னே போய்விட்டான். ஆக, கடைசி வண்டி நான்.

மணலி சாலையில் திரும்பிச் சில கிலோமீட்டரில் மாமா இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டு ஒரு மண் பாதையில் இறங்கினார். பாபு இறங்கினான். ஜோசப் இறங்கினான். நானும் இறங்கினேன். இருபுறமும் அடுக்கி வைத்த கன்டெய்னர் பெட்டிகள், முன்னால் வரிசையாக டிரெய்லர்கள். நாங்கள் நாலு பேரும் ஒழுங்காக அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றோம். வரிசை நகர நகர நாங்களும் நகர்ந்தோம். கேட்டில் இருந்த காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கேட் பாஸ் எங்க?”

மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! இருபது வருடமாகத் தினமும் பெட்டி இறக்க வரும் யார்டு அது. கை தன் பாட்டுக்குத் திருப்பிவிட்டது. இதாவது பரவாயில்லை. ஜோசப் இரண்டு வருடம் மணலி புதுநகரில் வேலை பார்த்தவன், வழி அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

“டேய், வழி தப்புன்னு உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியும்க்கா. மாமா போறாரே, ஏதாச்சும் ஷார்ட்கட்டா இருக்கும்னு வந்துட்டேன்.”

பாபு அதற்கும் மேலே. “நான் ரோடே பாக்கலக்கா. மாமா சட்டையத்தான் பாத்துகினு வந்தேன்.”

காவலாளி கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னால் நின்ற டிரெய்லர்காரர்களுக்கு மாமாவைத் தெரியும் போல, “இன்னா நைனா, குடும்பத்தோட டூட்டிக்கு வந்துட்டியா?” என்று ஒருவர் கத்தினார். மாமாவுக்கு மானம் போயிற்று. வண்டியைத் திருப்பியவர் இந்தத் தடவை நாற்பதில் போகவில்லை.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. மணலி தாண்டி ஒரு சிக்னல். மாமா பச்சையில் போனார், பாபு பச்சையில் போனான், ஜோசப் மஞ்சளில் போனான். நான் சிக்னலைப் பார்க்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சிவப்பை மீறியவள் இல்லை நான், என் தலைக்கு மேலே ஒரு சிக்னல் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. ஜோசப்பின் நீலச் சட்டை தூரமாகிக்கொண்டே போனது, முறுக்கினேன். வலப்பக்கம் ஹாரன் அலறியது. ஏர் பிரேக் சீறியது. திரும்பிப் பார்த்தால் என் தோளுக்கு ஒரு கை தூரத்தில் டிரெய்லரின் முன் பம்பர், அதிலிருந்து வரும் சூடு கன்னத்தில் பட்டது.

டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டினார். “யம்மா! கண்ண முன்னாடி போற வண்டி மேலயே வச்சுகினு கீறியே, நான் இம்மாம் பெருசா வர்றது தெர்ல?” இன்னும் நிறைய சொன்னார், நியாயமாகத்தான் திட்டினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனேன். அழுகை வந்தது, அழுதேன்.

மற்ற மூவரும் நான் காணாமல் போனதையே கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்திருக்கிறார்கள். திரும்பி வந்து, மெதுவாக என்னைக் கூட்டிப்போனார்கள். மணலி புதுநகரில் ஐயா வைகுண்டர் கோயில் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ பதினைந்து ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது, நன்றாக இருந்திருக்கும். நான் தொடவே இல்லை. மாமா தம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“வேணாம்மா. அந்தோணிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நம்ம பக்கத்துலயே ஏதாச்சும் வேலை பாத்துக்கலாம்.”

தீர்ப்பு வந்துவிட்டது. இந்த வேலைக்காக நான் மூன்று பேட்டிக்கு வந்திருக்கிறேன், இந்தத் தொழிலுக்கு வந்து எட்டு வருடத்தில் கிடைத்த முதல் நல்ல வேலை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“மாமா, நான் ரோட்டப் பாத்திருந்தா நின்னிருப்பேன். உங்களப் பாத்ததாலதான் போனேன். நீங்கதான உங்க லைட்டையே பாருன்னீங்க?”

“அப்ப தப்பு என்னுதா?”

“யாரு தப்பும் இல்ல. திரும்பிப் போவும்போது நான் முன்னாடி போறேன். நீங்க கடைசில வாங்க. அப்பால சொல்லுங்க உங்க தீர்ப்ப.”

பாபு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மாமா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “சரி, போ” என்றார்.

முன்னால் யாரும் இல்லாத சாலை எவ்வளவு பெரியது தெரியுமா? குழி தெரிந்தது, மணல் தெரிந்தது. டிரெய்லர் டிரைவரின் முகம் அவருடைய கண்ணாடியில் எனக்குத் தெரிந்தால்தான் நான் அவருக்குத் தெரிவேன் என்பது புரிந்தது, தெரியாத இடத்தில் நிற்கக் கூடாது என்று நானாகவே ஒதுங்கினேன். நாற்பதில் போனேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதே சிக்னல் வந்தது. பச்சை. இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தேன். பாபு வந்தான், ஜோசப் வந்தான். கண்ணாடியில் பார்த்தால், விளக்கு நன்றாகச் சிவந்த பிறகு ஒரு ஆள் தலையைக் குனிந்துகொண்டு பறந்து வருகிறார். சேவியர் மாமா! நல்ல வேளை, குறுக்கே வண்டி வரவில்லை. ஆனால் நிழலில் போக்குவரத்துக் காவலர் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினார். ஐந்நூறு ரூபாய் அபராதம்.

நாங்கள் ஓரமாக நிறுத்திக் காத்திருந்தோம். மாமா ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே வந்தார். ஜோசப் கிண்டல் செய்ய வாயைத் திறந்தான், முறைத்து அடக்கினேன். மாமா என் முன்னால் வந்து நின்றார்.

“இன்னாத்துக்கு வந்தேன்னு எனக்கே தெர்லம்மா. இருபது வருசத்துல ஒரு சிவப்பு தாண்டுனதில்ல. நீங்க மூணு பேரும் போய்ட்டீங்களா... தனியா உட்டுட்டுப் போய்ட்டீங்கன்னு பக்குனு ஆய்டுச்சு. ரோடே தெர்ல.”

அவர் அப்படிச் சொன்னதும் என் கோபம் எல்லாம் கரைந்துவிட்டது. காலையில் எனக்கு இருந்த பயமும் அதேதான். டிரெய்லரைக் கண்டு பயப்படாத இரண்டு பேர், கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடுவோமோ என்று பயந்து, சிவப்பு விளக்கில் போய் விழுந்திருக்கிறோம்.

மதியம் அந்தோணி டூட்டி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார், “இன்னாண்ணே, எப்படி ஓட்டுறா?”

மாமா சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார். “தனியா அனுப்பு. நாங்க கூடப் போனாத்தான் ஆபத்து.”

இப்போது தினமும் போகிறேன். நீங்களும் நாலைந்து வண்டியாக எங்காவது கிளம்புவதாக இருந்தால், அது பழவேற்காடாக இருந்தாலும் பாண்டிச்சேரியாக இருந்தாலும், சேர்ந்து ஓட்டாதீர்கள், சேர்ந்து நில்லுங்கள். எந்த டீக்கடையில் சந்திப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், நடுவில் அவரவர் பயணம் அவரவருக்கு. வழியை எல்லோருமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் சேர்ந்துதான் போவோம் என்றால், புதிதாக ஓட்டுகிறவரை முன்னால் விடுங்கள், சூரர்கள் பின்னால் வாருங்கள். யாராவது சிக்னலில் மாட்டிக்கொண்டால் தாண்டியவர்கள் ஓரமாக நில்லுங்கள், நிற்போம் என்பதைக் கிளம்பும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இந்தச் சாலைக்கு ஆறரைக்கு முன் போவது நல்லது, டிரெய்லர்கள் குறைவு. முழுக் கை சட்டை போடுங்கள், தூசி அப்படி.

போன வியாழக்கிழமை திருவொற்றியூர் சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் நின்றுவிட்டேன். மூன்று பைக் என்னைக் கடந்து போயின, நாலாவதாக என் பக்கத்தில் ஒரு பெண், புதுப் பெயின்ட் வாசனை போகாத ஸ்கூட்டர். விளக்கு சிவந்துவிட்டது. அவள் கண் முன்னால் போன பைக்குகள் மேலேயே இருந்தது, கை ஆக்சிலரேட்டரை முறுக்க ஆரம்பித்தது. வலப்பக்கத்தில் டிரெய்லர் நகரத் தொடங்கியிருந்தது. எட்டி அவள் கைப்பிடி மேல் கையை வைத்தேன்.

“நில்லும்மா. அவங்க நிப்பாங்க.”

“நிக்கலன்னா அக்கா?”

“நிக்கலன்னா என் கூட வா.”