நட்சத்திரத்தைத் திருப்பிப் பார்த்தவள்

சென்ற ஆண்டு ஆடி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்தது. மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். அலங்காரத்தை நானே செய்வதாகச் சொல்லியிருந்தேன்.

நான் பள்ளி அலுவலக எழுத்தர். மனைவி வீட்டிலேயே பட்டு நெய்கிறாள். புடவையில் டிசைன் விழுவதற்காகத் தறியின் மேல் மாட்டும், துளை போட்ட அட்டைகளில் பழையவற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தறி அறையில் அட்டைக் கட்டுகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. எனக்கு அது பொறுக்காது. முதலில் எல்லாவற்றையும் அளவுவாரியாக அடுக்கிவிட்டு, பிறகுதான் எடுத்தேன். ஓர் அட்டையை மூன்றாக வெட்டி, இரண்டு அட்டைக்கு ஒரு நட்சத்திரம். பின்னால் வண்ணக் காகிதம். மொத்தம் இருபத்து நான்கு.

மாலையில் எல்லோரும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் சுவரைப் பார்த்தாள். ஒரு நட்சத்திரத்தைத் திருப்பினாள், அட்டை ஓரத்து எண்ணைப் படித்தாள், அடுத்ததற்குப் போனாள். பிறகு கணவனின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தொழிலே அட்டையில் துளை போடுவதுதான்.

"சோக்கா கீதுண்ணா! எங்க பையனுக்கு நாலு எடுத்துக்கினு போறேன்" என்றாள்.

அவள் பையன் கல்லூரியில் படிக்கிறான்.

சமையலறைக்குப் போய் மனைவியிடம், "நம்ம டிசைனைத் தூக்கிட்டுப் போறாங்க" என்றேன்.

"பழைய அட்டையில இன்னாங்க டிசைன் கீது? போயி வந்தவங்களைக் கவனிங்க."

எனக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் காலை ஆறு பத்துக்கு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. என் நட்சத்திரங்களைப் பிரித்து, துண்டுகளை டேப்பால் ஒட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து அவர் புது அட்டையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"யார் வீட்டு டிசைனை காப்பி அடிக்கிறீங்க?"

அவர் நிமிரவில்லை. அவள்தான் எழுந்து வந்தாள்.

"உங்க வீட்டுதுதாண்ணா. அக்கா இன்னிக்கு முந்தானைக்கு மாட்ட வெச்சிருந்த புது அட்டை, இவரு போட்டுக் குடுத்தது. நம்பரைப் பார்த்ததுமே தெரிஞ்சிபோச்சு. பழசோட சேர்த்து வெட்டிட்டீங்க. ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கிறவங்க புடவை அது. நேத்து அத்தினி பேர் எதிர்ல சொன்னா உங்களுக்கு அசிங்கம், அக்காவுக்கும் பேஜார். அதான் கம்முனு எடுத்துக்கினு வந்தோம்."

நான் அடுக்கிய அழகு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நின்னுகினே இருந்தா எப்படி? இன்னும் அஞ்சு உங்க சுவத்துல கீது. அக்கா தறியில உக்காரதுக்குள்ள ஜல்தியா கழட்டிக்கினு வாங்க."

ஓடினேன். பத்தரைக்கு அட்டைகள் முழுதாகக் கைக்கு வந்த பிறகுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புடவை சொன்ன நாளில் முடிந்தது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது ஒரு பொருளை உற்றுப் பார்த்தால், அவர்கள் கையைக் கவனிப்பதற்கு முன், அதில் என் கை என்ன செய்திருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.