படத்தை மூடிய கை

அன்று காலை கோவில்பட்டி பேருந்து நிலையத்தில், பசுவந்தனை போகும் பேருந்தின் சன்னலோர இருக்கையில் என் சாப்பாட்டுப் பையை வைத்து லூர்து அக்காவுக்கு இடம் பிடித்திருந்தேன். இரண்டு பேர் வந்து கேட்டார்கள். "ஆள் வருது" என்று சொல்லிவிட்டேன். வண்டி கிளம்பும் நேரத்தில் அவருடைய தம்பி அலைபேசியில் அழைத்தார். "டீச்சர், விடியக்காலம அக்கா நெஞ்சு வலிக்குன்னு சொன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..." என்றவர் மேற்கொண்டு பேச முடியாமல் அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் செல்வி, "டீச்சர் இன்னைக்கு லீவாம்மா?" என்று கேட்டாள். நான் அலைபேசியைக் கீழே வைக்கவில்லை. பையையும் எடுக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் கைப்பிள்ளையோடு ஒரு பெண் ஏறியபோது நடத்துநர்தான் அதை எடுத்து என் மடியில் வைத்தார்.

லூர்துமேரி டீச்சரை அறிந்த சக ஆசிரியர்களான உங்களுக்கு அவருடைய குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஓர் அறையில் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரான அவரிடம். அவர் அந்த அறையில் அதட்டினால் இந்த அறையில் என் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நானும்தான். ஏழு ஆண்டுகள் ஒரே பேருந்தில் போய் வந்தோம். அவர் பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும். சர்க்கரை வியாதிக்காரர் இதைத் தின்னலாமா என்று கேட்டால், "நான் தின்னுததுக்கா வச்சிருக்கேன்? வாசம் பிடிக்கத்தான்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு துண்டு வாய்க்குள் போயிருக்கும்.

அவரைப் பற்றி எழுத எத்தனையோ இருக்கிறது. எனக்கு எழுத வருவது என் மகளைப் பற்றியதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு நூற்பாலையில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மூன்று வயதிலிருந்தே செல்வியை என்னோடு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். என் அறையின் மூலையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பாள். ஒரே அறையில் மூன்று வகுப்பு என்றால் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வகுப்பு எழுதும், ஒரு வகுப்பு கணக்குப் போடும், ஒரு வகுப்பு நான் சொல்லச் சொல்லச் சத்தமாகத் திருப்பிச் சொல்லும். அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து, ஒரு சொல் பிசகாமல், பக்கம் முடியும் இடத்தில் சரியாகப் பக்கத்தைத் திருப்பி வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிந்தவர் தெரிந்தவர் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். கடைசியில் அக்காவிடமும் கூட்டிப் போய் வாசிக்கச் சொன்னேன்.

அக்கா முழுப் பக்கத்தையும் கேட்டார். பிறகு பக்கத்தின் மேலே இருந்த படத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நடுவிலிருந்து ஒரு வரியைத் தொட்டு, "இதை வாசி" என்றார். செல்வி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். "அது இல்ல, இது" என்றார். மறுபடியும் முதல் வரி. அக்கா அவளுக்கு ஒரு கடலைமிட்டாயைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி சாந்தி, பிள்ளை வாசிக்கலட்டி. கேட்டதைச் சொல்லுது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை பெறாதவருக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன். அவர் போன பின்னால் இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன். பத்து நாள் பேருந்தில் முன்னும் பின்னுமாகத் தனித்தனியாக உட்கார்ந்து போனோம். பதினோராவது நாள் வீட்டில், பருத்தி விதை வந்த பாக்கெட்டைச் செல்வியிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "அம்மா, நீ ஒரு தடவ சொல்லு. நான் சொல்லிருதேன்" என்றாள்.

நாற்பது பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவள் நான். என் கண்முன்னே இருந்ததை நான் பார்க்கவில்லை.

மறுநாள் பேருந்தில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். கொஞ்ச தூரம் போனதும், "கண்ணைக் காட்டுவோம், காதைக் காட்டுவோம். மொதல்ல அதைச் செய்வோம்" என்றார். ஒரு சனிக்கிழமை திருநெல்வேலிக்கு அவரும் கூடவே வந்தார். கண் நன்றாக இருந்தது. காதும் நன்றாக இருந்தது. இன்னொரு மருத்துவர், சில பிள்ளைகளுக்கு எழுத்தைப் பிடிப்பது கடினம், அறிவுக்குக் குறை இல்லை, அதற்கென்று பயிற்சி பெற்றவர் நாள்தோறும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். அப்படி ஒருவர் எங்கள் பக்கம் எங்கே இருக்கிறார் என்று கேட்டோம். விசாரித்துப் பாருங்கள் என்றார்.

நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். மழை பெய்த மறுநாள் அக்கா கரிசல் மண்ணைப் பிசைந்து உருட்டி எழுத்து எழுத்தாகச் செய்தார். செல்வி விரலால் தடவித் தடவிச் சொன்னாள். ஒரு வாரம் எல்லாம் சரியாக வந்தது. மண் காய்ந்து வெடித்து எழுத்துகள் துண்டு துண்டாயின. அவளிடம் இருந்ததும் அதோடு போயிற்று. நேற்றுச் சொன்ன எழுத்தை இன்று புதிதாகப் பார்ப்பாள். அட்டை, மணல், பாட்டு என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு நாள் மதியம் அக்கா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். "முப்பது வருஷமா வாத்திச்சியா இருக்கேன். இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கன்னு எனக்குத் தெரியலட்டி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

தெரியாது என்று சொல்லக்கூட எனக்குத் துணிச்சல் இல்லாமல் இருந்தது. அதனால் பிள்ளை மேல் கை நீட்டினேன். இரண்டாம் வகுப்புத் தேர்வுத் தாளில் செல்வி எழுத்துகளுக்குப் பதிலாகக் கோடுகளாகப் போட்டு வைத்திருந்த அன்று, மரஸ்கேலால் முதுகில் அடித்தேன். சத்தம் கேட்டு அக்கா வந்தார். ஸ்கேலைப் பிடுங்கினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "உனக்குப் பயம்ட்டி. உன் பயத்துக்கு அவ முதுகுதான் கெடச்சுதா?" என்றார். அந்த ஸ்கேலை அவர் திருப்பித் தரவே இல்லை. அவருடைய மேசை இழுப்பறையில் போன வாரம் அதைப் பார்த்தேன்.

போனவர்களைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். அக்காவுக்கு அந்த வழக்கம் பிடிக்காது. எனவே இதையும் சொல்கிறேன். செல்வி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பட்டியல் எடுத்தால், வாரத்துக்கு ஒரு நாள் அவர்களுக்கென்று சிறப்பாசிரியர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பட்டியலுக்காகத்தான் நான் காத்திருந்தேன். செல்வியின் முறை வந்தது. எழுந்து நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா புத்தகத்தைத் தானே வாங்கி, அவள் மனப்பாடமாக அறிந்த பக்கத்தை விரித்துக் கொடுத்தார். செல்வி மடமடவென்று சொன்னாள். அதிகாரி 'மிக நன்று' என்று எழுதிக்கொண்டு போனார். பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஒரு வருடம் வீணாயிற்று.

அன்று மாலை பேருந்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சண்டை போட்டேன். "ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க? என் பிள்ளை வாழ்க்கையில ஒரு வருஷம்!" அவர் சன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது சொன்னார். "தப்புத்தான். அத்தன பேருக்கு முன்னால அது தலையக் குனிஞ்சு நிக்கறத என்னால பாக்க முடியல. உன்னய அடிக்காதன்னு சொன்னேன். நான் செஞ்சது அதவிட மோசம்."

அதோடு விடவில்லை. அலுவலகத்துக்குப் போய், பிள்ளைக்கு வாசிக்க வராது, வராததை நான்தான் மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்காக அவரைக் கூப்பிட்டுத் திட்டினார்கள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டுப் பட்டியலில் செல்வியின் பெயர் வந்தது. சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் வருகிறார். சில வாரம் வர முடிவதில்லை. மற்ற நாளெல்லாம் அக்காதான். படத்தைக் கையால் மூடுவார், ஓர் எழுத்தைத் தொடுவார், காத்திருப்பார். "பாத்துச் சொல்லு. ஞாபகத்துல இருந்து சொல்லாத" என்பார். அந்த அதட்டல்காரர் அப்படிக் காத்திருந்ததை நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்.

இப்போது செல்வி ஐந்தாம் வகுப்பு. வருகிற ஜூனில் கோவில்பட்டியில் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கூடம். "அங்கயும் நான் வந்து பேசுதேன், நீ சும்மா இரு" என்று சொல்லியிருந்தார். நான் சும்மா இருந்தேன். இனி யார் வந்து பேசுவார்கள் என்று தெரியவில்லை. நான் பேச வேண்டும். என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் அங்கே போய் முதலில் சொல்லப்போகிறேன். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

செல்வி எடுத்துக்கொண்டது வேறு. அடக்கம் முடிந்த மறுநாள் பள்ளி விட்டுப் பேருந்துக்கு நின்றோம். ஊர்க்காரர்கள் நிறுத்தத்துச் சுவரில் அக்காவின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். செல்வி அதன் முன்னால் போய் நின்றாள். படத்தைப் பார்த்தே பெயரைச் சொல்லியிருக்கலாம். இடது கையைத் தூக்கி, அக்காவின் முகத்தை உள்ளங்கையால் மூடினாள். வலது கை விரலைப் பெயரின் மேல் வைத்தாள்.

"லூ... ர்... து..."

அடுத்த எழுத்தில் விரல் நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என் வாயில் 'மே' வந்து நின்றது. அவள் திரும்பாமலே, "நீ சொல்லாதம்மா" என்றாள்.

பேருந்து வந்தது. நடத்துநர் தெரிந்தவர், "டீச்சர், ஏறலையா?" என்று கேட்டார். இல்லை என்று கையசைத்தேன். வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம். செல்வி அந்த எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.