மடிவீக்கத்துக்கு மூன்று சரக்கு

மாட்டுக்கு மடி வீங்கினால் மடிவைத்தியரிடம் போ என்பார்கள். பட்டம் வாங்கிய வைத்தியர் இல்லை, பால் கறக்கிறவர். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர், ஒற்றைக் கன்றுக்குட்டியோடு தொடங்கிப் பதினாறு கறவை கட்டியவர். பெரிய படிப்புக்காரர்களே அவர் கொட்டகை வாசலில் கைகட்டி நின்றதுண்டு. இது இட்டுக்கட்டிச் சொல்வதல்ல, கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மருந்தில் சரக்கு மூன்றுதான். சோற்றுக்கற்றாழை ஒரு மடல், மஞ்சள்தூள் ஒரு கை, சுண்ணாம்பு கொட்டைப்பாக்களவு. சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று வரும். பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, தண்ணீரில் இளக்கிப் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். தன் பெயரைச் சொல்லிக் கொடுக்கும்படியும் சொன்னார்.

மனைவி தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு மாடுகளுக்கு ஒவ்வொரு காம்பு அடைத்துப்போனது. கற்றாழை சரியில்லை என்றார். மஞ்சளில் கலப்படம் என்று கடைக்காரனோடு மல்லுக்கு நின்றார். மூன்றாவதாகச் சிவலைக்கு வந்தது. தாய் செத்த கன்றாக இருந்தபோது அவர் மனைவி புட்டியில் பால் கொடுத்து வளர்த்த பசு அது. அவள் கையால் வளர்த்ததில் கொட்டகையில் மிச்சம் அது ஒன்றுதான்.

கறுப்புத் துணியில் முதல் பாலைப் பீச்சிப் பார்த்தார். திரிதிரியாக விழுந்தது. அந்த நிமிஷமே அரைக்க உட்கார்ந்தார். மூன்று நாள் மற்ற மாடுகளைக் கறக்க ஆள் வைத்துவிட்டு இதன் காலடியிலேயே கிடந்தார். வீக்கம் கல்லாக இறுகியதே தவிர வடியவில்லை. பசு தீனியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

பால் வண்டி ஓட்டும் மச்சினன் டாக்டரைக் கூப்பிடலாம் என்றான். ஊருக்கே மருந்து சொன்னவன் வீட்டுக்கு டாக்டரா என்று அவர் எகிறினார். உங்க பேரு பெருசா, அக்கா மாடு பெருசா மாமா என்று கேட்டுவிட்டு அவன் பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்தான்.

டாக்டரம்மா வந்தாள், சின்ன வயசு. ஊசி போட்டாள். மருந்தைத் தொட்டு முகர்ந்து, நல்ல சரக்குதான், ஆரம்பத்திலேயே போட்டால் கேட்கும் என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. பார்த்த உடனே போட்டேனே என்றார்.

"திரி விழுறதுக்கு முன்னாடியே மடி சுட ஆரம்பிச்சிருக்கும் ஐயா. முன்னெல்லாம் யாரு தொட்டுப் பார்ப்பாங்க?"

அவர் திரும்பிச் சிவலையின் மடியைப் பார்த்தார்.

தினமும் விடியற்காலை, கறப்பதற்கு முன்னால், அவர் மனைவி ஒவ்வொரு காம்படியிலும் விரல்முதுகை வைத்து எடுப்பாள். ஏதோ தடவிக்கொடுக்கிறாள் என்று நினைத்திருந்தார். இது இன்னைக்குக் கொஞ்சம் காயுதுங்க, அரைச்சிடுங்க என்பாள். எப்படித் தெரிந்தது என்று கேட்காமல் அவர் அரைப்பார். மாடு பிழைக்கும். அவர் பேர் வாங்குவார். முப்பத்திரண்டு வருஷம் இப்படித்தான் நடந்தது. அவளும் அது தன்னால்தான் என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னவள் இல்லை.

சிவலையின் பின்பக்க மடியில் விரல்முதுகை வைத்துப் பார்த்தார். கறந்து கறந்து காய்ப்பேறிய விரல். சூடா, குளிர்ச்சியா, ஒன்றும் பிடிபடவில்லை. பசு உதறியது.

"உசுரு பிழைச்சிடும். அந்தக் காம்புல இனி பால் வராது" என்றாள் டாக்டரம்மா.

அவள் போன பிறகு வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட நாலு பேர் பார்க்க அழாத மனுஷன். மச்சினன் பக்கத்தில் வந்து நின்றான்.

"எத்தனை பேருக்குடா இந்த மருந்தைச் சொல்லியிருப்பேன்?"

"நூறு பேருக்கு மேல இருக்கும் மாமா."

"ஒருத்தன்கிட்டயும் தொட்டுப் பாருன்னு சொல்லலையேடா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னார். மருந்து கேட்டுப்போன முதல் வீட்டில் ஆள் வெளியே வந்து, வாங்க வைத்தியரே என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. மாட்டைக் காட்டச் சொன்னார். அதற்கும் ஒரு காம்பு சூம்பியிருந்தது.

"உன் மேல தப்பில்லப்பா" என்றார். "எனக்கே முழுசாத் தெரியாது. தெரிஞ்சவ போயிட்டா."